மூலையில் ஒரு ழ

பேராசிரியர் என்றதும்
என்ன பாடம் என்பார்கள்.
அசைவூட்டப் பட வரலாறு.
கார்ட்டூனா?
ஆமாம், கார்ட்டூன்.
திருத்துவதைப் பதினாலாம் வருடமே விட்டுவிட்டேன்.

துறையின் பெயர் நான்கு முறை மாறிற்று.
நுண்கலை, காட்சித் தொடர்பு, பல்லூடகம்,
இப்போது என்னவோ புத்தாக்கம்.
கதவுப் பலகை மாற்ற வருபவர் மட்டும்
அதே அஸ்மான்.
ஒவ்வொரு முறையும் என் பெயரில்
வேறொரு எழுத்தை விட்டுவிடுவார்.

என் அறையில் காடி வாடை.
பழைய அசிட்டேட் தாள்கள் அப்படித்தான் புளிக்கும்.
அச்சார் போட்டிருக்கிறாயா என்பார்
பக்கத்து அறை லிம்.
ஜாலான் ஈப்போவில் டயர் கடைக்கு மேலே
ஒரு ஸ்டூடியோ இருந்தது.
அதை மூடிய வாரம்
கிலோ இருபது காசுக்குப் போகவிருந்த தாள்களை
என் கன்சில் காரில் நான்கு நடையாக ஏற்றினேன்.
பின் டயர் பஞ்சரானது.
கீழேயே ஒட்டிக் கொடுத்தார்கள்.

கனடாக் கம்பெனி
முதல் படமும் கடைசிப் படமும் அனுப்பும்.
ஓநாய் உறைந்த ஏரியில் சறுக்கத் தொடங்குகிறது.
ஓநாய் மல்லாந்து கிடக்கிறது.
இடையில் உள்ளதெல்லாம் கோலாலம்பூர்.
ஐஸ் கச்சாங்கில் தவிர
ஐஸைக் கண்டிராத பதினெட்டுப் பேர்
வினாடிக்குப் பன்னிரண்டு தாளாக
அதை விழ வைத்தார்கள்.
முடிவில் ஓடும் பெயர்களில்
ஒருவர் பெயரும் இல்லை.

நூற்றுப் பதினேழாம் தாளின் மூலையில்,
காமிராவின் கண் எட்டாத இடத்தில்
எறும்பளவு ஒரு ழ.

அதன்மேல்தான் என் உத்தியோகம் எழுந்தது.
'பெயரற்றோரின் கையொப்பம்',
நாற்பத்திரண்டு பக்கம், நூற்றெட்டு அடிக்குறிப்பு.
இணைப் பேராசிரியர் பதவி.
லிஸ்பனில் ஒரு மாநாடு.
அந்த எழுத்தை எப்படிச் சொல்வது என்று
ஒரு பெண் எழுந்து கேட்க
அரங்கமே நாக்கை மடித்து முயன்றது.
எனக்குக் கண் கலங்கிவிட்டது,
மேடையிலேயே.

ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கையில் கடைவாய்ப் பல்.
செந்தூலில் ஒரு கிளினிக்.
கவுண்டரில் இருந்த சகாயமேரி
என் பாரத்தில் தொழில் என்ற கட்டத்தை
இரண்டு தரம் படித்தார்.
"நானும் ஓநாய் வரைஞ்சிருக்கேன் டீச்சர்.
ஆறு வருஷம்."

பல்லைப் பிடுங்கி, பஞ்சைக் கடித்தபடி வந்து
கைப்பேசியில் நூற்றுப் பதினேழைக் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
சிரித்தார்.
"இதா? புது நிப்பு.
மை ஓடுதான்னு பார்க்கப் போட்டது.
ழ-வுல எல்லாம் வந்துரும்,
நேர்கோடு, வளைவு, கீழ இழுக்கிற வாலு.
ஓநாய்க்கும் அதான வேணும்.
துடைக்க மறந்துட்டேன் போல.
சூப்பர்வைசர் பார்த்திருந்தா
அரை வெள்ளி வெட்டியிருப்பான்."

கையொப்பம் இல்லையா,
ழ என்று வேண்டுமென்றே எழுதவில்லையா
என்று கேட்கப் போய்
மரத்த வாயில் ல என்று வந்தது.

"கையெழுத்தா? அது வவுச்சர்ல போடுவேன்.
தாளுக்கு முப்பது காசு.
இதுல போட்டா யாரு காசு குடுப்பா?"
அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

ஆய்விதழுக்குத் திருத்தம் எழுதினேன்.
ஆசிரியர் மாறியிருந்தார்.
தவறு என்பதற்குச் சான்றாவணம் கேட்டார்.
கிளினிக் ரசீதை இணைத்து அனுப்பினேன்.
பதில் இல்லை.

கடைசி வாரம்
தாள்களைப் பெட்டியில் அடுக்கும்போது
நூற்றுப் பதினேழை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன்.
இத்தனை வருடமாக மூலையைத்தான் பார்த்திருக்கிறேன்.
நடுவில் ஓநாய்,
நான்கு காலும் காற்றில்,
விழப்போவது அதற்கு இன்னும் தெரியாது.
வாலின் அடியிலிருந்து நுனிவரை
ஒரே இழுப்பு. எங்கும் திக்கவில்லை.

மை நன்றாகத்தான் ஓடியிருக்கிறது.